ஊழியப் பயணத் திட்டம் திடீரென்று மாறினால்: ஆண்டவரை நம்பி அடுத்த அடி எடுத்து வைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பர் 26 அன்று எங்கள் சபையிலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர் திருநெல்வேலியில் நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியிருக்க வேண்டும். சென்னை, அங்கிருந்து ஹவுரா, அங்கிருந்து இன்னொரு ரயிலில் ஜார்க்கண்டின் ராஜ்மஹால் மலையடிவாரம். மால்தோ மொழி பேசும் மலைவாழ் மக்கள் நடுவே ஒரு பணித்தளம், அதை ஒட்டிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு விடுதி. டிசம்பர் 17, 18 தேதிகளில் மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரையை மீறி ஊருக்குள் வந்தது. எங்கள் குழுவில் ஐந்து பேர் வீட்டுக்குள் தண்ணீர்.

பயணத்தை 2024 மே மாதத்துக்குத் தள்ளினோம். அப்போது மக்களவைத் தேர்தல். ராஜ்மஹால் தொகுதிக்கு ஜூன் 1 வாக்குப்பதிவு. நவம்பருக்குத் தள்ளினோம். அந்த மாதம் ஜார்க்கண்ட் சட்டமன்றத் தேர்தல். கடைசியில் 2025 ஜனவரியில் போய்ச் சேர்ந்தவர்கள் நான்கே பேர்.

அதற்குப் பிறகு வேறு சபைகளிலிருந்து கிளம்பிய குழுக்களுக்கும் ஆயத்த வேலையில் கூட நின்றிருக்கிறேன். திட்டம் மாறும்போது எல்லாரும் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். விசுவாசம் குறைந்ததால் அல்ல; மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுவதால். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு படியையும் அதன் காரணத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

1. டிக்கெட் போடுவதற்கு முன்பே எழுதி வையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் பயணத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "ராஜ்மஹால் போகிறோம்" என்பது நோக்கம் ஆகாது, அது ஊர்ப் பெயர். "அந்த விடுதிப் பிள்ளைகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தையும் தாங்க வேண்டும்" என்பது நோக்கம். ஊர்ப் பெயரை மட்டும் எழுதியவர்களுக்கு, ஊருக்குப் போக முடியாத அன்று கையில் எதுவும் மிஞ்சாது. நோக்கத்தை எழுதியவர்களுக்கு அன்றும் செய்ய வேலை இருக்கும்.

அடுத்த பக்கத்தில், திட்டம் மாறினால் முடிவெடுப்பது யார் என்று எழுதுங்கள். எங்களுக்கு மூன்று பேர்: குழுத்தலைவர், சேகர குரு (எங்கள் வட்டாரச் சபைகளின் போதகர்), பணித்தளத்து மிஷனெரி. இந்த மூவரில் மிஷனெரி "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், மற்ற இருவரும் அதை மாற்றக் கூடாது. இதை நிதானமாக இருக்கும் நாளிலேயே எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். நெருக்கடி நாளில் பேச ஆரம்பித்தால் குரல் உயர்ந்தவர் முடிவுதான் நிற்கும்.

மூன்றாவது, காணிக்கை. ஆலயத்தில் அறிவிக்கும்போதே, "பயணம் தள்ளிப்போனால் இந்தப் பணம் இன்னதற்குப் பயன்படும், திரும்ப வேண்டுமென்போர் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்" என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பின்னால் வரும் பாதி மனஸ்தாபம் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

நான்காவது பக்கத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லவேண்டும்" என்கிறது யாக்கோபு 4:15. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை முதல் கன்வென்ஷன் நோட்டீஸ் வரைக்கும் "கர்த்தருக்குச் சித்தமானால்" என்று அச்சடிக்கிறோம். சித்தம் வேறாக இருந்தால் என்ன செய்வோம் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் எழுதி வைப்பதில்லை. அந்தப் பக்கத்தை எழுதுங்கள். போக முடியாவிட்டால் அந்த நாட்களில் எங்கே இருப்போம், யாருக்கு என்ன செய்வோம், வாங்கிய பொருட்கள் எப்படிப் போய்ச் சேரும். இதை எழுதுவது அவிசுவாசம் என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை. யாக்கோபு சொன்னதை வாயால் மட்டும் சொல்லாமல் நோட்டிலும் எழுதுகிறோம், அவ்வளவுதான்.

2. செய்தி வந்த முதல் ஒரு மணி நேரம்

யாருக்கும் எதையும் அனுப்பாதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள். வாட்ஸ்அப் ஜெபக்குழுவைத் திறக்காதீர்கள்.

வெள்ளம் வந்த அன்று நான் இதைச் செய்யத் தவறினேன். மின்சாரம் இல்லை, போனில் இருபது சதவீதம் சார்ஜ். அதை வைத்துக்கொண்டு, "சத்துரு நம் பயணத்தைத் தடுக்கிறான், எல்லாரும் முழங்காலில் நில்லுங்கள்" என்று குழுவுக்கு அனுப்பினேன். அதைப் படித்தவர்களில் ஒரு தங்கை அப்போது இடுப்பளவு தண்ணீரில் தன் பாட்டியைத் தோளில் தாங்கிப் பக்கத்து மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. அவளுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது "எங்கே இருக்கிறாய், ஆள் அனுப்பவா?" என்ற கேள்வி.

ஆகவே முதல் மணி நேரத்தில் இரண்டு வேலை மட்டும். குழுவில் உள்ள ஒவ்வொருவரும் பத்திரமாக இருக்கிறார்களா என்று கேளுங்கள். பிறகு நோட்டை எடுத்து, நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் உறுதியாகத் தெரிந்ததையும் மறுபக்கம் கேள்விப்பட்டதையும் எழுதுங்கள். "பாதை அடைபட்டதாம்", "ரயில் எல்லாம் ரத்தாம்" என்று வருகிறவற்றில் பாதி இரண்டாவது பக்கத்துக்குத்தான் போகும். ஜெபம் பண்ணாமல் இதையா செய்வது என்று தோன்றலாம். எழுதிக்கொண்டே ஜெபிக்கலாம். நடந்தது இன்னதென்று தெரிந்தால்தான் எதற்காக ஜெபிக்கிறோம் என்பதும் தெளிவாகும்.

3. அடுத்த போன் பணித்தளத்துக்கு

புதிதாகக் கிளம்பும் குழுக்கள் முதலில் சபையாருக்குச் சொல்கிறார்கள், பிறகு காணிக்கை கொடுத்தவர்களுக்கு, பிறகு உறவினர்களுக்கு. நம்மை எதிர்பார்த்துக் காத்திருக்கும் மிஷனெரி குடும்பத்துக்குக் கடைசியில்தான் செய்தி போகிறது. ஒரு குழு வராததை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பதை அந்த வீட்டு அக்கா, மிஷனெரியின் மனைவி, என்னிடம் சொன்னார்கள். பன்னிரண்டு பேருக்கு அரிசி, பருப்பு, கடன் வாங்கிய பாய்கள் எல்லாம் தயாராக வைத்துவிட்டு ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்பியிருக்கிறார்கள். வண்டி காலியாகத் திரும்பியிருக்கிறது.

அழைக்கும்போது நம் வருத்தத்தை முதலில் கொட்டக் கூடாது. இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, நாங்க வர்றது இப்போ உங்களுக்கு உதவியா, பாரமா? உள்ளதச் சொல்லுங்க." அவர்கள் மரியாதைக்காக "வாங்க, வாங்க" என்பார்கள். அதனால் ஒரு தடவை கேட்டு நிறுத்தாதீர்கள். அக்காவிடம் தனியாகக் கேளுங்கள். சமைக்கிறவர்களுக்குத்தான் நிலவரம் முழுதாகத் தெரியும்.

2024 மே மாதம் நாங்கள் கேட்டபோது மிஷனெரி அண்ணன் சொன்ன பதில்: "தம்பி, எலெக்ஷன் நேரம். வெளியூர்க்காரங்க பத்துப் பன்னெண்டு பேரு மலைக்கு ஏறுனா, நீங்க போன பொறவு கேள்வி எங்ககிட்டயும் ஊர்க்காரங்ககிட்டயும்தான் வரும்." ஜார்க்கண்டில் 2017-இல் மதச் சுதந்திரச் சட்டம் என்ற பெயரில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். இத்தகைய சட்டங்கள் உள்ள மாநிலங்களில் எதைச் செய்யலாம், எப்போது வரலாம் என்பதை உள்ளூரில் இருப்பவர்தான் அறிவார். நாம் ஒரு வாரத்தில் ரயில் ஏறிவிடுவோம். அதன்பின் விளைவைச் சுமப்பது அங்கேயே வாழ்கிறவர்கள். அவர் "இப்போது வேண்டாம்" என்றால், நம் தைரியத்தைக் காட்ட அது இடம் இல்லை.

இதைச் செய்வதில் ஒரு விசுவாசம் இருக்கிறது. நாம் போகாவிட்டால் அந்த மலையில் தேவனுடைய வேலை நின்றுபோகும் என்ற எண்ணம் நமக்கே தெரியாமல் உள்ளே இருக்கும். நமக்கு முன்பே அங்கே அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நம்பினால்தான், "நாங்கள் பாரமா?" என்று கேட்கவே வாய் வரும்.

4. துக்கத்தை மூடி வைக்காதீர்கள்

குழுவைக் கூட்டுங்கள். முடிந்தால் நேரில். முதல் கூட்டத்தில் முடிவு எதுவும் எடுக்காதீர்கள், அது துக்கத்துக்கான கூட்டம்.

எங்கள் கூட்டம் ஆலயத்துப் பக்கத்து ஹாலில் நடந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கோடு முழங்கால் உயரத்தில் சேறாகத் தெரிந்தது. மூலையில் நாங்கள் மூன்று மாதமாகச் சேர்த்த பெட்டிகள்: சிலேட்டு, கலர் பென்சில், பொம்மலாட்டத்துக்குத் தைத்த துணி பொம்மைகள். கீழ் வரிசைப் பெட்டிகள் ஊறிப்போய், பென்சில் சாயம் அட்டையில் சிவப்பும் பச்சையுமாக இறங்கியிருந்தது. மேல் வரிசையில் அறுபது கம்பளிகள் மட்டும் நனையாமல் இருந்தன. துணி பொம்மைகளைத் தைத்த அக்கா ஒன்றை எடுத்துப் பிழிந்தார்கள். யாரும் பேசவில்லை.

அந்த நேரத்தில் தலைவர் செய்யும் பெரிய தவறு, "எல்லாம் நன்மைக்கே" என்று ஆரம்பிப்பது. ரோமர் 8:28 உண்மைதான். ஆனால் அழுகிற ஒருவர் வாயை அடைக்க அந்த வசனத்தை எடுத்தால், அடுத்த தடவை அவர் உங்கள் முன் அழ மாட்டார். அவ்வளவுதான் நடக்கும். 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தாவீது ஆரம்பிக்கிறார். ஆறே வசனம். கடைசியில் பாட்டு வருகிறது, ஆனால் கேள்வியைக் கேட்டு முடித்த பிறகுதான் வருகிறது.

ஒவ்வொருவரும் இழந்தது இன்னதென்று சொல்லட்டும். ஒரு தம்பி சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருப்பான். ஒருத்தி வீட்டில் ஒரு மாதம் போராடிச் சம்மதம் வாங்கியிருப்பாள். அடுத்த தடவை கிடைக்குமா என்று தெரியாது. இவற்றைக் கேட்காமல் ஜெபித்தால் ஜெபம் பொதுவாக நின்றுவிடும். கேட்டபின் பெயர் சொல்லி ஜெபிக்க முடியும்.

5. நடந்ததற்கு அவசரமாகப் பெயர் வைக்காதீர்கள்

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

திட்டம் மாறியவுடன் இரண்டு பெயர்கள் தயாராக வரும். "சாத்தான் தடை" என்பது ஒன்று. "தேவ சித்தமில்லை" என்பது மற்றொன்று. வெள்ளத்தின்போது நான் முதல் பெயரை வைத்தேன். மே மாதம் எங்கள் கமிட்டியில் ஒருவர் இரண்டாவதை வைத்தார்: "ரெண்டு தடவை நின்னுபோச்சு, கர்த்தர் கதவை அடைச்சிட்டார், விட்டுருங்க." முதல் பெயரை நம்பியவர்கள் எந்த எச்சரிக்கையையும் கேட்காமல் முட்டி மோதுவார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் நோட்டை மூடிவிடுவார்கள். ஆண்டவரிடம் கேட்கும் வேலை இரண்டு பேருக்குமே முடிந்துவிடுகிறது.

பவுலின் பயணத் தடைகளைச் சேர்த்து வாசித்துப் பாருங்கள். தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, உங்களிடம் வர விரும்பினோம், சாத்தான் தடைபண்ணினான் என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 2:18). அப்போஸ்தலர் 16-இல் ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்கில் இருந்த ரோம மாகாணம்) வசனம் சொல்லாதபடி தடுத்தவர் பரிசுத்த ஆவியானவர். பித்தினியாவுக்குப் போக முயன்றபோதும் அவரே போகவிடவில்லை. ரோமாபுரிக்கு வர அநேகந்தரம் தடைபட்டதற்கு ரோமர் 15-இல் சொல்லும் காரணமோ வேறு: கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களில் வேலை இருந்தது. ஒரே மனிதர், மூன்று தடைகள், மூன்று காரணங்கள். மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருந்திருக்கும்: கிளம்ப முடியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அன்று தடுக்கப்பட்ட அதே ஆசியாவுக்குப் பவுல் பின்னால் வருகிறார். எபேசுவில் இரண்டு வருஷம் தங்குகிறார். ஆசியாவில் குடியிருந்த யூதரும் கிரேக்கரும் எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்று அப்போஸ்தலர் 19:10 சொல்கிறது. அன்றைக்கு "இல்லை" என்றது அன்றைக்கு மட்டும்தான். ஆனால் அது அவருக்கு அப்போது தெரியாது. பித்தினியாவும் அடைபட்டு, மீசியா ஓரமாகத் துரோவா வரைக்கும் நடந்தபோது அவரிடம் விளக்கம் எதுவும் இல்லை. "வந்து உதவிசெய்" என்று ஒரு மக்கெதோனியன் அழைத்த தரிசனம் துரோவாவுக்கு வந்து சேர்ந்த பிறகுதான். நம்பிக்கை என்று நான் சொல்வது அந்த இடைப்பட்ட நடையைத்தான்.

எனவே நோட்டில் காரணம் என்று ஒரு இடம் விட்டு, அதை இப்போதைக்குக் காலியாக வையுங்கள். தெரிந்த காரணத்தை, உள்ளபடி, சாதாரணச் சொல்லில் எழுதுங்கள்: "வெள்ளம்." "தேர்தல்." "மிஷனெரிக்கு மலேரியா." அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை எழுத அவசரம் இல்லை. சில பக்கங்கள் காலியாகவே இருக்கும். என்னுடைய நோட்டில் மூன்றில் ஒன்று இன்னும் காலி.

6. இப்போது முடிவெடுங்கள்

கேட்டாயிற்று, அழுதாயிற்று. அந்த மூன்று பேரும் இப்போது உட்காரலாம். போவதா வேண்டாமா என்று இரண்டே வழி வைத்துப் பேசாதீர்கள். தேதி மாற்றலாம், ஆள் குறைக்கலாம், வேலையை மாற்றலாம், பொருளை மட்டும் அனுப்பலாம், நிறுத்தலாம்.

கேள்விகளைக் கேட்கும் வரிசை முக்கியம். முதலில், போனால் யாருக்காவது ஆபத்தோ தொல்லையோ வருமா? ஆம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அடுத்து, முதல் பக்கத்து நோக்கம் இன்னும் நிறைவேறுமா, அதற்கு எத்தனை பேர் வேண்டும்? கடைசியாகத்தான் பணமும் நம் விருப்பமும். பணத்தை முதலில் பேசினால், "இவ்வளவு செலவு பண்ணிட்டோமே" என்ற எண்ணமே மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது தடவை இப்படிக் கேட்டபோது மிஷனெரி அண்ணன் சொன்னார்: "பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனா பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பரீட்சை வருது. கணக்கு சொல்லிக்குடுக்க ஒருத்தர் வந்தா போதும்." நாங்கள் ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்த எதுவும் தேவைப்படவில்லை. இந்தி தெரிந்த ஒரு கணக்கு டீச்சர், ஒரு நர்ஸ், விடுதியின் வயரிங்கைப் பார்க்க ஒரு எலெக்ட்ரீஷியன், கூட நான். விட்டுப்போன எட்டுப் பேருக்கு அது வலித்தது. அந்த வலியைக் குழுத்தலைவர் நேரில் போய்க் கேட்க வேண்டும். போனில் சொல்லும் செய்தி அல்ல அது.

முடிவு எடுத்த பிறகு ஒருநாள் விட்டு, மறுபடி ஒருமுறை மூவரும் ஜெபித்து, பிறகு அறிவியுங்கள். இரவில் எடுத்த முடிவு காலையிலும் சரியாகத் தோன்றுகிறதா என்று பார்க்க அந்த ஒருநாள்.

7. பணத்தையும் பொருளையும் கொடுத்தவரிடம் கேட்டே கையாளுங்கள்

ஒரு பணித்தளத்துக்கென்று கொடுத்த காணிக்கையை வேறு நல்ல காரியத்துக்கு மாற்றுவது, எவ்வளவு நல்ல காரியமானாலும், கேட்காமல் செய்யக் கூடாது.

அந்த அறுபது கம்பளிகளும் விடுதிப் பிள்ளைகளுக்கென்று பெயர் சொல்லி வந்தவை. வெளியே ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. எங்கள் தெருவிலேயே ஈரத் தரையில் படுத்திருந்தார்கள். வாலிபர்கள் உடனே பெட்டியைப் பிரிக்கப் போனார்கள். சேகர குரு ஐயா நிறுத்தினார்: "ரெண்டு போன் பண்ணுங்க. பத்து நிமிஷம்தான்." கம்பளி வாங்கிக் கொடுத்த குடும்பத்தைக் கேட்டோம், சம்மதித்தார்கள். பணித்தளத்துக்குப் பேசினோம். அண்ணன் ஒரு நொடி யோசித்தார். "இங்க போன வருஷத்துக் கம்பளி கிழிஞ்சாலும் இருக்கு. அங்க நனைஞ்சு போய் இருக்காங்க. குடுத்துருங்க. பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கிடுதேன்." டிசம்பர் குளிரில் அந்த மலையடிவாரத்தில் இருந்துகொண்டு அவர் அதைச் சொன்னார்.

அன்றைக்குக் கேட்காமல் கொடுத்திருந்தாலும் கம்பளி போய்ச் சேர்ந்திருக்கும். கேட்டுக் கொடுத்ததால் அந்தப் பிள்ளைகள் எங்கள் ஊருக்குக் கொடுத்ததாக ஆனது. அடுத்த ஞாயிறு விடுதியில் திருநெல்வேலிக்காக ஜெபித்தார்கள் என்று அக்கா சொன்னார்கள்.

கணக்கை ஒரு வாரத்துக்குள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்: வந்தது, செலவானது, ரத்துக் கட்டணமாகப் போனது, மீதி. ரத்துக் கட்டணத்தை மறைக்க வேண்டாம். மறைத்தால் அதுதான் பேச்சாகும்.

8. டிக்கெட்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. குழுவாகப் போகிறவர்களுக்கு இது ஒரு வகையில் நல்லது. நிலவரம் தெரிந்து போடலாம்.

ஒரு பி.என்.ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்) ஆறு பேர்தான். பன்னிரண்டு பேரை இரண்டாகப் பிரிக்கும்போது, வேலைப்படி பிரியுங்கள். ஒரு டிக்கெட் உறுதியாகாவிட்டாலும் மற்ற ஆறு பேர் ஒரு முழுக் குழுவாக இயங்க வேண்டும். நண்பர்கள் நண்பர்களோடு என்று பிரித்தால் இது நடக்காது.

ரயில்வேயே ரயிலை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸ் ரத்தாகி, சென்னையிலிருந்து போகும் ரயில் ஓடினால், இரண்டாவது டிக்கெட்டுக்கு வழக்கமான ரத்துக் கட்டணம் உண்டு. தொடர் பயணத்தின் பி.என்.ஆர்களை இணைத்துப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது, போடும்போதே கேளுங்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி நீங்கள் பயணம் செய்யவில்லை என்றால், அது கிளம்புவதற்கு முன் டி.டி.ஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) பதிவு செய்தால் பணம் வரும். ரத்துக் கட்டணம் நேரம் நெருங்க நெருங்கக் கூடும் என்பதால், முடிவு எடுத்தபின் தாமதிக்காதீர்கள். முடிவுக்கு முன் ரத்து செய்யவும் செய்யாதீர்கள். படி 6 முடிந்த பிறகுதான் இது.

9. மாறியதைக் காரணத்தோடு சொல்லுங்கள்

பவுலே பயணத் திட்டத்தை மாற்றி, கொரிந்து சபையாரிடம் பேச்சு வாங்கினார். "ஆம்" என்றும் "அல்ல" என்றும் மாற்றி மாற்றிப் பேசுகிறவர் என்ற சந்தேகத்துக்கு 2 கொரிந்தியர் முதல் இரண்டு அதிகாரங்களில் பதில் எழுதுகிறார். "ஆவியானவர் நடத்தினார், கேட்காதீர்கள்" என்று அவர் தட்டிக் கழிக்கவில்லை. உங்களுக்குத் துக்கம் உண்டாக்கக் கூடாதென்று வரவில்லை என்று மனம் திறந்து சொல்கிறார்.

நாமும் அப்படியே. ஆலயத்தில் ஐந்து நிமிஷம் நின்று, என்ன நடந்தது, யார் யாரைக் கேட்டோம், என்ன முடிவு, இனி என்ன என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லலாம். பிள்ளைகளை அனுப்பச் சம்மதித்த பெற்றோர் வீட்டுக்கு மட்டும் தனியாகப் போய்ச் சொல்லுங்கள். அவர்கள் அறிவிப்பில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

10. ஒதுக்கிய நாட்களை விட்டுவிடாதீர்கள்

விடுப்பு எடுத்தாயிற்று, மனம் ஆயத்தப்பட்டாயிற்று. அந்த நாட்களில் எல்லாரும் வீட்டில் உட்கார்ந்தால் கசப்பு வளரும். நான்காவது பக்கத்தைத் திறங்கள்.

டிசம்பர் 26 காலை, ரயில் ஏற வேண்டிய நாளில், வர முடிந்த ஏழு பேர் ஆலயத்தில் கூடினோம். பயணத்துக்கு வைத்த தியான வரிசையையே வைத்துக்கொண்டோம்: காலையில் ஒரு மணி நேரம் வேதமும் ஜெபமும், பிறகு வேலை. நதியோரத் தெருக்களில் சேறு வாரினோம். எந்த வீடு என்ன மதம் என்று பார்க்கவில்லை. ஒரு வீட்டில் பாத்திரம் எல்லாம் கழுவி அடுக்கியபின் அந்த அம்மா வரக்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "நீங்க எங்கேயோ போகணும்னு இருந்தீங்களாமே" என்றார்கள். ஜார்க்கண்ட் என்றோம். "அங்க யாரு இருக்கா?" என்று கேட்டார்கள். அரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம்.

ஒரு எச்சரிக்கை. உள்ளூர் வேலை நன்றாக நடந்துவிட்டால், "இதற்காகத்தான் கர்த்தர் அந்தப் பயணத்தை நிறுத்தினார்" என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். வெள்ளத்தில் வீடு போனவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துப் பாருங்கள். படி 5 இங்கேயும் பொருந்தும்.

11. பாதி வழியில் மாறினால்

கிளம்பிய பிறகு ரயில் நின்றாலோ, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, அங்கே போய்ச் சேர்ந்தபின் "மலைக்குப் போக வேண்டாம்" என்றாலோ, வரிசை சுருங்கும், ஆனால் மாறாது. முதலில் ஆட்கள், பிறகு பணித்தளம், பிறகு முடிவு, பிறகு ஊருக்குச் செய்தி. குழுவைப் பிரிக்காதீர்கள். உடம்பு முடியாதவருடன் ஒருவர் திரும்புவதானால், அவர் பொறுப்புள்ளவராக இருக்கட்டும். "யாராவது ஒருத்தர்" என்று விடாதீர்கள். அந்தப் பக்கத்தில் மலேரியாவும், மணல் ஈ கடியால் பரவும் காலா அசார் காய்ச்சலும் உண்டு என்பதால், வந்தபின் காய்ச்சல் கண்டால் எங்கே போய்வந்தோம் என்பதை டாக்டரிடம் முதல் வரியாகச் சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

அப்போஸ்தலர் 27-ஐ வழியிலேயே சேர்ந்து வாசியுங்கள். கப்பலில் 276 பேர், பதினான்கு நாள் புயல், கரை தெரியவில்லை. ஒருவரும் சாவதில்லை என்று தேவதூதன் சொன்ன வார்த்தை பவுலிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவர் செய்தது, எல்லாரையும் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னது. கையில் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்பாக ஸ்தோத்திரம் செலுத்திப் புசித்தார். வழியில் மாட்டிக்கொண்ட குழுவுக்கு முதல் உதவி பெரும்பாலும் அதுதான்: சாப்பாடு, தண்ணீர், தூக்கம். பசித்த வயிற்றோடு எடுக்கும் முடிவும் செய்யும் ஜெபமும் எரிச்சலில் முடிவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

12. திரும்பி வந்ததும், அல்லது போகாமலே முடிந்ததும்

நோட்டைக் குழுவோடு உட்கார்ந்து ஒருமுறை முழுக்க வாசியுங்கள். எந்தப் படியை மாற்றிச் செய்தோம், யாருக்குச் சொல்ல விட்டுப்போனது என்று எழுதி, அடுத்த குழுத்தலைவர் கையில் கொடுங்கள். எங்களுடையது மூன்று கை மாறிவிட்டது. முதல் சில தாள்கள் வெள்ளத்தில் நனைந்து மை பரவியிருக்கும், படிக்க முடியும்.

பணித்தளத்துக்கு மாதம் ஒரு போன் விடாமல் பேசுங்கள். தள்ளிப்போன பயணம் மெல்ல மறந்துபோன பயணமாக ஆவது இங்கேதான். 2025 ஜனவரியில் நாங்கள் நான்கு பேர் போய் இறங்கியபோது விடுதிப் பிள்ளைகள் எங்களிடம் முதலில் கேட்டது டீச்சரையோ மிட்டாயையோ பற்றி அல்ல. வரிசையில் நின்ற ஒரு சிறுமி கணக்கு டீச்சரிடம் இந்தியில் ஏதோ கேட்டாள். டீச்சர் சட்டென்று பதில் சொல்லாமல் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "நம்ம ஊர்ல தண்ணி வடிஞ்சுதான்னு கேக்குறா" என்றார்கள்.